கருப்பொருள் ஒளிப்படப் போட்டிகளும் முத்துக்குளித்துறையும்

கருப்பொருள் ஒளிப்படப் போட்டி என்பது, ஒரு பொருளை முன்வைத்து, குறித்த காலத்துக்குள் படங்களைத் திரட்டும் போட்டியாகும். இதில் பங்கேற்போரில் பெரும்பாலோர் ஒளிப்படக் கலையைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள். இப்பொழுதுபோக்கு ஓர் ஊரின் வரலாற்றுக்கு எவ்வளவு தேவை என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையைக் கொண்டு அறியலாம்.

முத்துக்குளிப்பும் ஒளிப்படமும்

சென்னையில் ஒளிப்பட ஆர்வலர்களின் கழகம் 1850களிலேயே தோன்றிவிட்டது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். இடைப்பட்ட நூறாண்டில் இக்கரையைப் பதிவு செய்தவர்களில் முதன்மையானோர் அரசு அலுவலர்களே. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889-இல் இங்கு நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இல் முத்து, சங்கு வளம் குறித்த அறிக்கையையும், 1914-இல் சங்கு பற்றிய தனி நூலையும் வெளியிட்டார்.

இவை மதிப்புமிக்க ஆவணங்கள். ஆனால் அரசு கேட்டது முத்துப்பார்களின் நிலையையும் வருவாயையும்தான். கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவரின் வீடு, அவர் உணவு, கரையில் காத்திருந்த குடும்பம் ஆகியவை அந்தக் கேள்விக்குள் வரவில்லை. குளித்தவர் கையில் ஒளிப்படக் கருவியும் இல்லை. எதைப் படம்பிடிப்பது என்பதை, கேட்பவரின் கேள்வியே முடிவு செய்கிறது.

இணையக் காலப் போட்டிகள்

அந்தக் கேள்வியை இன்று பொதுமக்களே எழுப்ப முடிகிறது. நினைவுச் சின்னங்களைக் கருப்பொருளாகக் கொண்ட ‘விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ்’ போட்டி 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 2011-இல் ஐரோப்பிய நாடுகளுக்குப் பரவி, 1,68,000-க்கும் மேற்பட்ட படங்களைப் பெற்றுக் கின்னஸ் சாதனையானது. 2012-இல் இந்தியாவும் சேர்ந்தது. இயற்கைப் பகுதிகளுக்கான ‘விக்கி லவ்ஸ் எர்த்’ 2013-இல் உக்ரைனில் தொடங்கியது.

தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011–2012-இல் ஊடகப் போட்டி ஒன்றை நடத்தினர். தமிழர் வாழ்வும் பண்பாடும் சார்ந்த படங்களைக் கட்டற்ற உரிமத்தில் திரட்டுவது அதன் நோக்கம். வெல்லாத படமும் வீணாவதில்லை என்பதே இத்தகைய போட்டிகளின் சிறப்பு. பரிசு சிலருக்குத்தான், ஆனால் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏறிய படத்தை, எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு எந்த மாணவரும் பாடக்கட்டுரையில் பயன்படுத்தலாம்.

இக்கரைக்கு உரிய பொருள்கள்

கட்டடம் என்ற கருப்பொருளுக்கு 1713-இல் எழுப்பப்பட்ட பனிமய மாதா பேராலயம் இருக்கிறது. இயற்கை என்றால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா. தொழில் என்றால் உப்பளமும் சங்குகுளிப்பும் தோணித் துறையும். கட்டடத்தையும் தீவையும் அடுத்த ஆண்டிலும் எடுக்கலாம். தொழில் அப்படியன்று. முன்பு பாய் விரித்த தோணிகள் இன்று எந்திரத்தால் ஓடுகின்றன. கல் கட்டி மூழ்கிய இடத்தில் முகக்கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் வந்துள்ளன. முத்துக்குளிப்பைப் போலச் சங்குகுளிப்பும் ஒருநாள் நின்றுபோனால், இன்று எடுக்கும் படங்களே சான்றாகும்.

பங்கேற்போர் கவனத்துக்கு

‘விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ்’ போட்டியின் விதி ஒன்று பலருக்குத் தெரியாது. படத்தைப் போட்டிக் காலத்தில் பதிவேற்ற வேண்டுமே தவிர, அப்போதே எடுத்திருக்க வேண்டியதில்லை. தாம் முன்பு எடுத்து, பெட்டியில் கிடக்கும் படச்சுருளையும் வருடி அனுப்பலாம். அடுத்தவர் எடுத்ததை அனுப்பக்கூடாது.

உழைப்பவரைப் படம் எடுக்குமுன் அவரிடம் கேட்க வேண்டும். எடுத்த பின் இடம், நாள், தொழில், கருவியின் ஊர்வழக்குப் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுத வேண்டும். நடுவர்கள் ஒளியையும் அமைப்பையும் பார்த்து மதிப்பெண் தருவர். ஐம்பதாண்டு கழித்துப் பார்ப்பவர் முதலில் தேடுவது படத்தின் கீழுள்ள அந்த இரண்டு வரிகளைத்தான்.