திருத்தணிகையின் சிறு கோயில்

திருத்தணிகைக்கு வருவோர் பெரும்பாலும் மலையையே நாடுகின்றனர். ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளில் ஏறி முருகனைத் தொழுது, இறங்கியதும் ஊர் திரும்பிவிடுகின்றனர். கீழே ஊருக்குள் நிற்கும் வீரட்டானேசுவரர் கோயிலைத் தேடி வருவோர் சிலரே. வரலாறு பயில்வோர்க்கோ இதுவே முதன்மையானது.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னர் அபராசிதவர்மரின் ஆட்சியில், நம்பி அப்பி என்பார் இதனைக் கருங்கல்லால் எழுப்பினார். தூங்கானைமாட வடிவினது, அளவில் மிகச் சிறியது. இதன் சுவரில் ஒரு வெண்பா பொறிக்கப்பட்டுள்ளது. அதனை இயற்றியவர் மன்னரே என்று அக்கல்வெட்டே கூறுகிறது. பிராகிருதத்திலும் வடமொழியிலும் பட்டயம் வழங்கத் தொடங்கிய மரபின் கடைசி அரசர்களுள் ஒருவர் தமிழில் பாட்டியற்றினார் என்பது சிறு செய்தியன்று. பின்னர் ஆதித்த சோழரிடம் அவர் நாட்டை இழந்தார். பாட்டு கல்லில் தங்கிற்று.

இவ்வூரின் மொழி எது என்னும் வினா நம் காலத்திலும் எழுந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதனுள் சென்றது. மங்கலங்கிழார், ம. பொ. சிவஞானம் ஆகியோர் முன்னின்ற வடவெல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கரின் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் இன்றும் ஒருங்கே ஒலிக்கின்றன. மலையேறுவோர் அரைமணி நேரம் ஒதுக்கி, அச்சிறு கோயிலின் சுவரையும் பார்த்துச் செல்லலாம்.