சிறு வயதில் உடலில் சேரும் காரீயம்: மூளையை எவ்வளவு காலம் பாதிக்கும்?

கோலா சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பழைய லயங்கள் இன்னும் உண்டு. உரிந்து விழும் பழைய சாயத்தில் காரீயம் இருக்கலாம். வீட்டுப் பின்னால் உடைக்கப்படும் கார் பேட்டரியிலும், மீன் வலைக்காக உருக்கப்படும் ஈயக் குண்டிலும் அது நிச்சயம் இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

உள்ளே போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச்சத்து, கால்சியம் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம். உடல் அதைக் கால்சியம் என்றே ஏமாந்து மூளைக்கும் எலும்புக்கும் அனுப்பிவிடுகிறது. எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, பிற்பாடு கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தில் கலந்து சிசுவையும் அடையும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. சராசரி அளவு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 11.4 மைக்ரோகிராம். அளவு கூடக் கூட, கவனச்சிதறலும் பதற்றமும் கூடின.

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 11 வயதில் ரத்தம் சோதிக்கப்பட்ட 565 பேர் 38 வயதிலும் ஆராயப்பட்டனர். ஒவ்வொரு 5 மைக்ரோகிராம் கூடுதலுக்கும் ஐ.கியூ. சுமார் 1.6 புள்ளி குறைந்திருந்தது. அங்கே பெட்ரோல் புகைதான் முக்கியக் காரணம். பணக்கார வீடு, ஏழை வீடு என்று அது பார்க்கவில்லை. அதனால் வறுமையை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது.

அறிகுறி தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. “பையன் மந்தம், ஒரே சேட்டை” என்று விட்டுவிடுவோம். ரத்தப் பரிசோதனைதான் ஒரே வழி. பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. அளவு மிக அதிகமானால் மருந்து உண்டு. ஆனால், இழந்த அறிவுத்திறனை அது மீட்டுத் தராது.

வீட்டில் என்ன செய்யலாம்?

• பேட்டரி உடைப்பது, ஈயம் உருக்குவது இரண்டும் வீட்டுப் பக்கமே வேண்டாம். அந்த வேலை செய்பவர் உடை மாற்றிக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்கட்டும்.

• பழைய சாயத்தைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள். தூசியை ஈரத்துணியால் துடையுங்கள்.

• ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்ததாக இருக்க வேண்டும். காரீயக் கலப்பு கண்ணுக்குத் தெரியாது, சந்தேகமென்றால் ஒதுக்கிவிடுங்கள்.

• சாப்பிடும் முன் கை கழுவ வையுங்கள். கீரை, முட்டை, நெத்திலி கொடுங்கள்.

சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் வீட்டு வேலை, பழைய சாயம் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அந்தப் பரிசோதனை ஞாபகம் வரும்.