கோரையும் கீரையும்: பெரியபாளையம் வட்டாரத் தோட்டங்களில் களைக் கூட்டமும் இயற்கை வேளாண்மையும்

ஆரணியாற்றங்கரையில் பெரியபாளையத்தைச் சுற்றியுள்ள காய்கறித் தோட்டங்களில் களையெடுப்பு பெரும்பாலும் பெண்களின் கைவேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகள் பக்கத்திலேயே இருக்க, களைக்கொல்லி தெளிக்காத உழவர் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்பதையே முதல் குறையாகச் சொல்கிறார். குறை உண்மைதான். ஆனால் ஆள் கிடைத்தாலும் சிக்கல் தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம். பாத்தியில் எந்தக் களை மிஞ்சும் என்பதை நாம் கொத்தும் முறையே தீர்மானிக்கிறது.

தோட்டக்களைகளை இங்கே இரண்டாகப் பிரிக்கலாம். சாரணை, பருப்புக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை ஆகியவை விதையால் பெருகுபவை. பூக்குமுன் மேலாகக் கொத்தினாலே பெரும்பாலும் அடங்கும். பருப்புக்கீரையை மட்டும் பாத்தியிலேயே போட்டுவிடக் கூடாது. ஈரம் பட்டால் அறுந்த தண்டும் வேர்விடும். கோரையும் அருகும் வேறு இனம். ஈரமண்ணில் கோரையைப் பிடித்து இழுத்தால் தாள் கையோடு வரும், சுண்டைக்காய் அளவுள்ள கருங்கிழங்கு மண்ணிலேயே தங்கும். அக்கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. சங்கிலி முழுதாக இருக்கும்வரை பல கிழங்குகள் உறங்கும். ரோட்டவேட்டர் அதை அறுத்ததும் ஒவ்வொன்றும் தனித்து முளைக்கும். ஆகவே ஒரே விதமாகக் கொத்திக்கொண்டே இருந்தால் கோரையின் போட்டியாளர்கள் ஒழிவார்கள், கோரை பரவும். லெராய் ஹோம் குழுவினர் 1977இல் வெளியிட்ட நூல் உலகின் கொடிய களைகளில் கோரைக்கு முதலிடம் தந்தது இதனால் வியப்பில்லை.

கோரை நிழலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சும். சித்திரை வெயிலில் கோடை உழவு செய்து கிழங்கை மேலே புரட்டிக் காயவிட வேண்டும். பின் சணப்பையையோ தட்டைப்பயறையோ நெருக்கி விதைத்து நிழல் கட்டலாம். வைக்கோல் மூடாக்கு சாரணையைத் தடுக்கும். கோரையின் கூர்முனையோ பாலித்தீன் தாளையே துளைத்து வெளிவரும். விதைக்களைக்கு வழி வேறு: பாத்திக்கு முன்கூட்டியே நீர்விட்டு, முளைத்ததை மேலாகச் சீவிவிட்டுப் பிறகு விதைப்பது. வெண்டைக்கு முதல் ஒன்றரை மாதமே முக்கியம். அதன்பின் இலை விரிந்து தானே நிழல் கட்டும். மக்காத தொழுவுரமும் களைவிதையைச் சுமந்து வரும். குவியல் நன்கு சூடேறி மக்கினால் பெரும்பகுதி செத்துவிடும்.

களையே இல்லாத நிலம்தான் இலக்கா? இல்லை. பருப்புக்கீரையும் தொய்யக்கீரையும் குழம்புச்சட்டிக்குப் போகக்கூடியவை. பயிர் வளர்ந்தபின் வரும் சிறுகளை ஐப்பசி மழையில் மண் கரையாமலும் காக்கும். பார்த்தீனியத்துக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. அதைப் பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும்.

2001இல் வந்த தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் சான்றிதழ் முறையில், நிலத்தில் எதை இடக்கூடாது என்ற கேள்வியே முன்னிற்கிறது. எது முளைக்கிறது என்பதை உழவர்தான் பார்க்க வேண்டும். களையெடுப்புக் கூலி எழுதும் நோட்டிலேயே, எந்தப் பாத்தியில் எந்தக் களை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கூலியோடு கோரையும் ஏறுகிறதென்றால், கொத்து நமக்காக உழைக்கவில்லை.