அடுக்குச் சல்பைட்டுகளில் ஏற்றமும் கட்டமைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தமிழ்மொழி மூலம் இரசாயனவியல் கற்கும் உயர்தர வகுப்பு மாணவர், தாண்டல் மூலகங்கள் பல ஒட்சியேற்ற எண்களைக் காட்டும் என்பதை மனனம் செய்கின்றனர். அவ்வியல்பிலிருந்தே இன்றைய இலிதிய மின்கலம் பிறந்தது. அவ்வரலாறும் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது எமது கருத்து.

தைத்தேனியம் இருசல்பைட்டில், இரு கந்தகத் தளங்களுக்கிடையே தைத்தேனியம் உறுதியாகப் பிணைந்துள்ளது. ஆயின் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே வலுக்குறைந்த கவர்ச்சியே உண்டு. மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை அடுக்கிவைத்தாற்போல: துணியில் இழைகள் இறுகியிருக்கும், துணிகளுக்கிடையே கை எளிதிற் புகும். (எமது கிழக்குக் கரையிலே, புல்மோட்டை மணலிலிருந்து பிரித்து ஏற்றுமதி செய்யப்படும் இல்மனைற்றும் தைத்தேனியக் கனியமே.) எக்சன் நிறுவனத்தின் ஆய்வாளர் ஸ்ரான்லி விற்றிங்காம் 1976இல் விளக்கிய மின்கலத்தில், இலிதிய அயன் இவ்விடைவெளியிற் புகுகின்றது, வெளிச்சுற்று வழியே வரும் இலத்திரன் தைத்தேனியத்தை +4இலிருந்து +3 ஆக்குகின்றது. அடுக்குகள் ஏறக்குறைய 10 வீதம் விலகினும் கட்டமைப்புக் குலைவதில்லை. மொலிப்தினம் இருசல்பைட்டிலோ, புகுந்த ஏற்றம் கட்டமைப்பையே மாற்றிவிடுகின்றது: முக்கோண அரியமாகச் சூழ்ந்திருந்த ஆறு கந்தகங்களும் எண்முகியாக இடம்பெயர்கின்றன.

இதனைத் தனிமனித மேதைமையின் வெற்றியெனக் கூறுவோர் உளர். எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் எண்ணெய் நிறுவனமொன்றே இவ்வாய்வை வளர்த்ததும், 1980களின் தொடக்கத்தில் அதுவே கைவிட்டதும் மறக்கற்பாலனவல்ல.

சல்பைட்டு மின்கலங்களின் மின்னழுத்தம் 2.5 வோல்ற்றளவில் நின்றுவிட்டது. அதற்கு மேற்செல்ல முயலின், இலத்திரன் உலோகத்தை விட்டுக் கந்தகத்தின் சக்திப் பட்டையிலிருந்தே வெளியேறும். ஒட்சிசனின் பட்டை மேலும் தாழ்ந்தது என்பதை உணர்ந்த ஜோன் குடினஃப், 1980இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் இலிதியம் கோபாற்று ஒட்சைட்டைக் கொண்டு 4 வோல்ற்றை எட்டினார்.

2019 டிசம்பரில் ஸ்ரொக்ஹோமில், 97 வயதினரான குடினஃபின் நொபெல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டிற் பிறந்து, மதுரையிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்றவர். அவரும் குடினஃபும் 1980களின் பிற்பகுதியில் கந்தகத்தையே மீண்டும் கொணர்ந்தனர். இம்முறை சல்பேற்று வடிவில். அங்கே கந்தகம் ஒட்சிசனைத் தன்பால் இழுப்பதால் இரும்பு–ஒட்சிசன் பிணைப்புத் தளர்ந்து, இரும்பின் சக்திமட்டம் தாழ்கின்றது. இரும்பு அதே +3, +2 எண்களுக்கிடையே மாறியபோதும், ஒட்சைட்டில் 2.5 வோல்ற்றுக்குக் குறைவாயிருந்த மின்னழுத்தம் சல்பேற்றில் 3.6 வோல்ற்றாயிற்று.