மாருதி 800: எஞ்சின் மிஸ்ஸிங்

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர்கள். ஒன்று படுத்துவிட்டால் ஐடிலிங்கில் வண்டி முழுதும் உதறும், இழுவை போய்விடும். இதுவே மிஸ்ஸிங். பழைய கார்புரேட்டர் வண்டிகளில், எஞ்சின் ஓடும்போதே ரப்பர் பிடியுள்ள கட்டிங் பிளேயரால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றும்போது ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. அதன் பிளக்கை அடுத்த சிலிண்டரில் மாட்டியதும் மிஸ்ஸிங்கும் அங்கே போனால் பிளக்கை மாற்றினால் போதும். நல்ல பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியாகப் போவதைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு, பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானத்தை. பிளக்கை மாற்றியும் அதே சிலிண்டரில் மிஸ்ஸிங் நீடித்தால், கம்ப்ரஷன் பார்க்காமல் கார்புரேட்டரைப் பிரிப்பது வீண்செலவு. மழைநாளில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால், முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் மயிரிழை விரிசலைத் தேட வேண்டும்.