நாரத்தையும் நரிஞ்சினும்

வாடிப்பட்டிப் பக்கம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு ரசஞ்சோற்றோடு ஒரு துண்டு உப்பு நாரத்தங்காய் வைப்பார்கள். சுருளாக அரிந்து, உப்பு அடைத்து, ஜாடியில் ஊறவிட்டு, வெயிலில் சுண்டக் காயவைத்த காய். புளிப்புக்கும் உப்புக்கும் அடியில் ஒரு கசப்பு நிற்கும். இந்தக் குடும்பத்துப் பழங்கள் பலவற்றில் கசப்பைத் தரும் பொருள் ஒன்றுக்கு வேதியியலில் நரிஞ்சின் என்று பெயர். சொல்லிப் பார்த்தாலே நாரத்தை காதில் விழுகிறது.

அகராதிகள் நாரத்தை என்ற பெயரைச் சமஸ்கிருத ‘நாரங்க’த்தோடு இணைக்கின்றன. அந்த நாரங்கமே திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. எனக்கு இதில் பெரிய சான்றாகத் தெரிவது மலையாளம். தேங்காய் அங்கே தேங்ங, மாங்காய் மாங்ங. அதே வரிசையில் நிற்கிறது நாரங்ங. கடைசியில் இருப்பது நம் ‘காய்’ என்றால், வடக்கே போனது ‘நாரங்காய்’தான். முன்பாதியை ‘நாறு’ என்ற சொல்லோடு சேர்த்து ‘மணக்கும் காய்’ என்று பொருள் சொல்வாரும் உண்டு. பழந்தமிழில் நாறுதல் நறுமணத்தையும் குறித்தது என்பதால் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நாறுதலில் இருப்பது வல்லின றகரம்; நாரத்தையில் இடையின ரகரம். மலையாளமும் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. ஆகவே அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை.

மேற்கே போகப் போக இந்தச் சொல் உருமாறியது: பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் நராங்ஹா, ஹங்கேரியத்தில் நரஞ்ச். இத்தாலியிலும் பிரான்சிலும் முதலில் நின்ற ‘ந’ உதிர்ந்தது. ஆங்கிலத்துக்கு ‘ஆரஞ்சு’ என்று போய், அங்கிருந்து நம் பழக்கடைக்கே திரும்பியது. நம்மிடம் கிச்சிலி இருந்தது, ஈழத்தில் தோடம்பழம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் மதுரைக் கடைத்தெருவில் ஜெயித்தது ஆரஞ்சுதான்.

வேதியியலுக்குள் இந்தச் சொல் நுழைய வழி திறந்தது ஜாவாவில். 1857-இல் அங்கிருந்த டச்சு மருந்தியலாளர் டி வ்ரை, பம்பளிமாஸ் இனத்து மரத்தின் பூக்களிலிருந்து இந்தக் கசப்புப் பொருளைப் பிரித்தார். நரிஞ்சின் என்ற பெயர் பின்னால் வந்தது. பம்பளிமாஸ் என்பதும் டச்சுக்காரரின் ‘பொம்பெல்மூஸ்’ என்பதும் ஒரே சொல். யார் யாரிடம் வாங்கியது என்பதில் அகராதிகள் ஒத்துப்போவதில்லை.

நரிஞ்சின் ஃபிளேவனாய்டு வகையைச் சேர்ந்தது. லத்தீனில் ஃபிளாவுஸ் என்றால் மஞ்சள். அதன் மூலக்கூறில் இரண்டு சர்க்கரைகள் இணைந்து ஒட்டியிருக்கின்றன. அதே இரண்டு சர்க்கரைகள் வேறொரு முனையில் இணைந்தால் நரிருட்டின். அதில் கசப்பே கிடையாது. கமலா ஆரஞ்சு கசக்காமல் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கழற்றிவிட, நரிஞ்செனின் என்ற மிச்சப் பகுதி இரத்தத்தில் சேர்கிறது.

இந்தப் பழங்களை இரத்தக் குழாயோடு சேர்த்துப் பேசியவர்களில் முன்னோடி ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி. ஆரஞ்சை ‘நரஞ்ச்’ என்றே அழைக்கும் ஹங்கேரி நாட்டு உயிர்வேதியியலாளர். எலுமிச்சையிலிருந்து எடுத்த ஃபிளேவனாய்டுக் கலவை நுண்குழாய்களின் கசிவைக் குறைக்கிறது என்று 1936-இல் அவரும் சக ஆய்வாளர் ருஸ்னியாக்கும் எழுதி, அதற்கு வைட்டமின் பி (P) என்று பெயர் வைத்தார்கள். ஊடுருவலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து அது; நாம் அறிந்த பி வைட்டமின்களோடு தொடர்பில்லை. பின்னாளில் அதன் வைட்டமின் தகுதி நீக்கப்பட்டது. இந்தப் பழங்கள் இரத்தக் குழாய்க்கு உதவுமா என்ற கேள்வி மட்டும் நிலைத்துவிட்டது.

இன்று அந்தக் கேள்வி செல்லளவுக்கு இறங்கியிருக்கிறது. தமனிச் சுவரின் நடு அடுக்கில் மென்தசைச் செல்கள் இருக்கின்றன. அடைப்பை நீக்க பலூன் விட்டு விரிக்கும்போது சுவர் காயப்படும். உடனே அழற்சிச் சமிக்ஞைகள் கிளம்பும். அமைதியாக இருந்த செல்கள் பெருகி உள்பக்கம் நகரும். திறந்த குழாய் மறுபடி குறுகும். ஆய்வகத் தட்டில் வளர்த்த இத்தகைய செல்களில் நரிஞ்சின், பெருக்கச் சுழற்சியை அதன் தொடக்கக் கட்டத்திலேயே நிறுத்துகிறது. அழற்சிப் புரதமான டிஎன்எஃப்-ஆல்ஃபா தூண்டும் நகர்வையும் தணிக்கிறது.

இதை வைத்துக்கொண்டு நாரத்தங்காய் ஊறுகாய் இதயத்தைக் காக்கும் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. ஆய்வகத் தட்டில் ஊற்றும் அளவு சாப்பாட்டின் வழியே தமனிக்குப் போய்ச் சேருவதில்லை. நாரத்தை என்ற பெயரையே சில நூல்கள் கடாரநாரத்தைக்கும் சில கசப்பு ஆரஞ்சுக்கும் தருகின்றன; மரம் மாறினால் நரிஞ்சின் அளவும் மாறும். ஊறுகாயில் இறங்கியிருக்கும் உப்போ, இரத்த அழுத்தக்காரருக்கு நிச்சயமான கெடுதல்.

இன்னொன்றும் உண்டு. கிரேப்ஃபுரூட் சாறு ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையின் அளவை இரத்தத்தில் வெகுவாக உயர்த்துகிறது என்பது 1991-இல் லான்செட் இதழில் வந்தது. முதல் சந்தேகம் நரிஞ்சின் மேல்தான் விழுந்தது. பிறகு பெரும்பங்கு அதே சாற்றிலுள்ள ஃபியூரனோகூமரின்களுடையது என்று தெரிந்தது. பம்பளிமாஸிலும் கசப்பு ஆரஞ்சிலும் அவை இருக்கின்றன. அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பழங்களின் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.