பன்னி மேய்ச்சற்றரையின் நலிவு

குஜராத் மாநிலத்தின் கச்சு மாவட்டத்திலே, பெரிய ராண் எனும் உவர்நிலத்திற்குத் தென்பால், ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீற்றர் பரப்புடைய மேய்ச்சற்றரை ஒன்றுண்டு. பன்னி என்பது அதன் பெயர். ஆங்கு ஆண்டொன்றிற் பெய்யும் மழை சராசரி 300 மில்லிமீற்றர் அளவினதே. அதுவும் அடிக்கடி பொய்க்கும். ஆதலின் அந்நிலத்தின் நலிவுக்கு வறட்சியே காரணமெனக் கொள்வாருளர். வரலாறு அக்கூற்றுக்கு முற்றும் இடந்தருவதாயில்லை. மால்தாரிகள் எனப்படும் கால்நடை வளர்ப்போருக்கு வறட்சி புதியதன்று. புல் கருகிய காலத்து மந்தைகளை ஓட்டிக்கொண்டு சிந்து நாடுவரை செல்வது அவர்தம் வழக்கம். 1947 இல் நாடு பிரிவுற்றது; 1965 ஆம் ஆண்டுப் போரின்பின் எல்லை முற்றாக அடைபட்டது. மழை முன்போலவே பொய்த்தது, போக்கிடந்தான் இல்லாதொழிந்தது.

தெற்கிலுள்ள குன்றுகளினின்றும் இறங்கி வந்து மண்ணின் உவரைக் கழுவிய சிற்றாறுகளின் குறுக்கே அணைகள் எழுந்தன. உவர் மிகுந்தது. ராண் பரவுவதைத் தடுக்கும் நோக்குடன் 1961 ஆம் ஆண்டளவில் வனத்துறையினர் ஒரு மரத்தை விதைத்தனர். நம்மவர் சீமைக்கருவேலம் என்பது அதனையே. நோக்கம் நன்றே; மேய்ப்போரை உசாவியிருப்பின் நன்றினும் நன்றாயிருந்திருக்கும். கால்நடைகள் அதன் காய்களைத் தின்று, சாணத்தின் வழியே வித்துக்களைப் புற்றரையெங்கும் பரப்பின. அங்குள்ளோர் அதற்கு இட்ட பெயரோ 'பைத்தியக் கருவேலம்' என்பது. காய் மிகுதியாகத் தின்ற காங்கிரேஜ் மாடுகள் நோயுற்றன. எருமைகள் ஒருவாறு தாங்கின. ஆகவே மாடு வளர்த்தோர் பலர் எருமைக்கு மாறினர். இரவில் தாமே மேய்ந்து காலையில் வீடு திரும்பும் பன்னி எருமை 2010 இல் தனியினமாக ஏற்கப்பட்டது.

மரச்செறிவை மட்டும் அளப்போனுக்கு இந்நிலம் தேறியதாகவே தோன்றும். புல்லை அளப்போன் அவ்வாறு கூறான். மனிதரை அளக்கப் புகுவோன் நிலை இன்னும் இக்கட்டானது. 2004 இல் இம்மரத்தைக் கரியாக்க அனுமதி கிடைத்தபோது, வேரொடு களையவேண்டியதை அடியில் வெட்டினர். அது மீண்டுந் தழைத்தது. நாட்டு மரங்களும் சூளைக்கு இரையாயின. 2008 இல் அனுமதி மீளப்பெறப்பட்டது. அதற்குள் மந்தையில்லா ஏழைக் குடும்பங்கள் பல கரிச்சூளையையே நம்பி வாழத் தலைப்பட்டுவிட்டன. எருமையுடையான் மரம் ஒழிந்து புல் மீளவேண்டும் என்கின்றான்; அவன் அயலிலே கரி சுடுவோனுக்கு அம்மரமே அன்றாடக் கூழ்.